மார்க் ஹாலிஸின் ஒரே தனி ஆல்பம்: இரண்டு மைக், ஓர் அறை

டாக் டாக் என்ற பிரிட்டிஷ் குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸ் தன் பெயரில் வெளியிட்டது ஒரே ஓர் ஆல்பம். 1998-இன் தொடக்கத்தில் பாலிடார் இசை நிறுவனம் வழியாக வந்தது. அதற்குத் தனித் தலைப்புக்கூடக் கிடையாது, பாடகரின் பெயர்தான் ஆல்பத்தின் பெயரும். எட்டுப் பாட்டு, ஏறத்தாழ 47 நிமிடம். 2019 பிப்ரவரியில் 64 வயதில் இறக்கும்வரை அவர் இன்னொரு ஆல்பம் செய்யவில்லை.

டாக் டாக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' (1988), 'லாஃபிங் ஸ்டாக்' (1991) ஆகிய இரண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். ராக் கருவிகளை வழக்கமான ராக் பாட்டு வடிவத்துக்கு வெளியே கொண்டுபோகும் போஸ்ட்-ராக் என்ற வகைக்கே வித்திட்டவை என்று அந்த இரண்டுக்கும் பேர் உண்டு, அது தகுந்த பேர்தான். தனி ஆல்பத்துக்கோ கடைசிப் பத்தியில் ஒரு வரி கிடைக்கும்: பிறகு இதைவிட மெதுவான, அடக்கமான ஒரு ஆல்பமும் வந்தது, அவ்வளவுதான். முந்தைய இரண்டின் மிச்சம்போல அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இது சரியில்லை. இந்த ஆல்பம் உருவான முறையே வேறு, கிட்டத்தட்ட நேர் எதிர். அந்த முறையைப் புரிந்துகொண்டு, வீட்டில் அதற்கேற்ப நாலு விஷயங்களைச் சரிசெய்துவிட்டுக் கேட்டால், இதில் சத்தத்தின் அளவைவிடத் தூரம்தான் பெரிய விஷயம் என்பது காதுக்கே தெரிந்துவிடும். எந்தக் கருவி எவ்வளவு தள்ளி இருக்கிறது, யார் அருகில், யார் சுவரோரம் என்பதுதான் இங்கே இசையமைப்பின் பாதி.

முதலில் அந்த எதிர் முறையைப் பார்த்துவிடலாம். 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்', 'லாஃபிங் ஸ்டாக்' இரண்டும் லண்டன் வெசெக்ஸ் ஸ்டுடியோவில், இருட்டாக்கப்பட்ட அறையில், மாதக்கணக்கில் பதிவானவை. ஒலிப்பதிவாளர் ஃபில் பிரவுன். இசைக்கலைஞர்களை வரவழைத்து, பெரிதாக ஒன்றும் சொல்லாமல் மனம்போல வாசிக்கவிட்டு, மணிக்கணக்கான பதிவிலிருந்து சில நொடிகளை மட்டும் எடுத்து ஒட்டினார்கள். 'லாஃபிங் ஸ்டாக்'குக்குச் சுமார் 50 பேர் வந்து வாசித்தார்கள், முடிந்த ஆல்பத்தில் இருப்பது 18 பேர்தான் என்பது பலமுறை சொல்லப்பட்ட கணக்கு. வாசித்ததில் பெரும்பகுதியை அழித்துவிட்டு, மீந்ததைக் கோத்தெடுத்த பாட்டுகள் அவை. பெரும்பாலும் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் சேர்ந்து எழுதியவை.

தனி ஆல்பத்தில் ஃப்ரீஸ்-கிரீன் இல்லை. பாதிக்கு மேற்பட்ட பாட்டுகளை ஹாலிஸோடு சேர்ந்து எழுதியவர் வார்ன் லிவ்சி. மிட்நைட் ஆயில் குழுவின் 'டீசல் அண்ட் டஸ்ட்' ஆல்பத்தைத் தயாரித்தவர் இவர்தான். 'வெஸ்ட்வர்ட் பவுண்ட்' பாட்டை மட்டும் ஹாலிஸ் கிதார் கலைஞர் டொமினிக் மில்லரோடு சேர்ந்து எழுதினார். பாடகர் ஸ்டிங்கின் ஆல்பங்களைக் கேட்டவர்களுக்கு மில்லரின் விரல்கள் பழக்கமானவையாகவே இருக்கும். ஃபில் பிரவுன் இதிலும் இருக்கிறார். மின் கருவி எதுவும் இல்லை. பியானோ, நைலான் நரம்பு கிதார், டபுள் பேஸ், டிரம்ஸ், ஹார்மோனியம், மவுத் ஆர்கன், டிரம்பெட், அதோடு புல்லாங்குழல், கிளாரினெட், கோர் ஆங்லே, பாசூன் என்று மேற்கத்தியச் செவ்விசைக் குழலோசைக் குழு ஒன்று. இந்தக் கருவிகள் பல நூற்றாண்டுகளாக இருப்பவை, ஆகவே அவற்றை வைத்துச் செய்யும் பதிவு எந்த ஆண்டையும் சேராது என்பது அந்த நாட்களில் ஹாலிஸ் பேட்டிகளில் சொன்ன காரணம். 1980-களின் தொடக்கத்தில் சிந்தசைசர் பாப் குழுவாகத் தொடங்கியவர் வாயிலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சிந்தசைசர் ஒலி எவ்வளவு சீக்கிரம் பழசாகிறது என்பது அவருக்குச் சொந்தப் பதிவுகளிலிருந்தே தெரியும்.

இனி முறைக்கு வருவோம். அறையின் முன்பக்கம் இரண்டு மைக். வாசிப்பவர்களை அறைக்குள் வெவ்வேறு இடங்களில் உட்காரவைத்து அந்த இரண்டாலேயே பிடிப்பது.

எளிதாகத் தோன்றும், ஆனால் ராக் உலகில் இதைத் துணிந்து செய்பவர்கள் குறைவு. வழக்கமான பதிவில் டிரம்ஸுக்கு மட்டுமே எட்டுப் பத்து மைக் இருக்கும், ஒவ்வொரு கருவிக்கும் சில அங்குலம் தள்ளித் தனி மைக் வைப்பார்கள். பிறகு மிக்சிங்கில் அளவைக் கூட்டிக் குறைத்து, இடது வலது என்று தள்ளி, செயற்கை எதிரொலி சேர்த்து, இல்லாத ஓர் அறையை உண்டாக்குவார்கள். இரண்டே மைக் என்றால் அந்த வசதியெல்லாம் போய்விடும். கிளாரினெட் சத்தமாக வந்துவிட்டால் ஃபேடரை (ஒவ்வொரு மைக்கின் அளவையும் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) கீழே இழுக்க முடியாது, வாசிப்பவரின் நாற்காலியைத்தான் பின்னால் நகர்த்த வேண்டும்.

நாற்காலியை நகர்த்துவதும் ஃபேடரை இழுப்பதும் ஒரே பலனைத் தராது. இந்த ஆல்பத்தின் சாரமே அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. கருவியிலிருந்து மைக்குக்கு நேராக வரும் ஒலி, தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஆனால் சுவர், தரை, கூரையில் பட்டுத் திரும்பி அறை முழுக்கப் பரவியிருக்கும் ஒலி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆகவே பின்னால் போகப்போக நேரொலிக்கும் அறையொலிக்கும் உள்ள விகிதம் மாறுகிறது. உச்ச அதிர்வெண்கள் மழுங்குகின்றன, தொடக்கத் தட்டலின் கூர்மை போகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதால், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரின் ஒலி 9 மில்லிநொடி பிந்தி வருகிறது. இதையெல்லாம் மூளை நாம் கேட்காமலே கணக்குப் போட்டு, அவர் அங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடும். ஃபேடரைக் குறைத்தால் கருவி சின்னதாகும், தள்ளிப் போகாது. 'எ லைஃப் (1895–1915)' பாட்டின் தொடக்கத்தில் குழலோசைக் கருவிகள் உள்ளே வரும்போது ஒவ்வொன்றும் வேறு வேறு ஆழத்தில் நிற்பது இதனால்தான்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு, அது இரைச்சல். தள்ளி இருக்கும் கருவியை மைக் பிடிக்க வேண்டுமானால் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்ற வேண்டும். ஏற்றினால் மைக்கின் சொந்த இரைச்சலும் அறையின் மூச்சும் சேர்ந்து ஏறும். முதல் பாட்டான 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' தொடங்கும்போது இருபது நொடிக்குக் கிட்ட இந்த மெல்லிய ஸ்ஸ் ஒலி மட்டும்தான் கேட்கும், அதன் பிறகே பியானோ. இதைப் பதிவுக் குறை என்றோ கெட்டுப்போன கோப்பு என்றோ எண்ணித் தள்ளிவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. தள்ளக் கூடாது. அந்த நொடிகளில்தான் காது அறையின் அளவைப் பிடித்துக்கொள்கிறது, பியானோ வந்ததும் அது எங்கே இருக்கிறது என்பது உடனே புலப்படும். நேராகப் பாட்டிலிருந்து தொடங்கினால் அந்தப் பியானோ தட்டையாகத்தான் இருக்கும். செய்து பார்த்து ஒப்பிடலாம்.

வீட்டில் கேட்பதில்தான் இந்த ஆல்பம் அதிகம் அடிபடுகிறது. எது எங்கே கெடும் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் எதிரி மின்விசிறி. நடுத்தர வேகத்தில் ஓடும் கூரை விசிறியின் சத்தம் 45 டெசிபல் பக்கம் வரும். இந்த ஆல்பத்தை முறையான அளவில் ஒலிக்கவிட்டால் மெல்லிய பகுதிகள் அதற்கும் கீழே விழுந்துவிடுகின்றன. விசிறி ஓடும் அறையில் 'வெஸ்ட்வர்ட் பவுண்ட்' பாட்டில் கிதார் நரம்பைவிட்டு விரல் எழும் ஒலி கேட்கவே கேட்காது. ஏசியும் இதே கதைதான். 47 நிமிடத்துக்கு அறையை முன்கூட்டிக் குளிர வைத்துவிட்டு, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்காருவது ஒன்றே வழி. பகல் நேரத் தெருச் சத்தத்தில் இதைக் கேட்க முயல வேண்டாம், இரவு பத்துக்கு மேல் நல்லது.

அடுத்தது ஒலியளவு. மெதுவாக இருக்கிறதே என்று முதல் பாட்டில் ஏற்றிவிடுவது எல்லோரும் செய்வது. அளவுகோல் எளிது: 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' பாட்டில் ஹாலிஸின் குரல், எதிர் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுகிற அளவுக்குக் கேட்க வேண்டும். அதைவிட ஏற்றினால் மனிதக் குரல் இயல்பு அளவை மீறிப் பெரிதாகிறது. அறையின் கணக்கு குழம்பி, தூரம் எல்லாம் சுருங்கிவிடும். ஒருமுறை வைத்துவிட்டால் கடைசிவரை தொடக்கூடாது. மெல்லிய இடத்தில் ஏற்றி, 'தி டெய்லி பிளானெட்' பாட்டில் மவுத் ஆர்கன் கதறும்போது இறக்கினால், அந்த இரண்டுக்கும் இடையே அவர்கள் வைத்த இடைவெளி முழுக்க வீணாகிறது.

ஸ்ட்ரீமிங் செயலியில் மூன்று அமைப்புகளைப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கும் கிராஸ்ஃபேட் வசதியை நிறுத்துங்கள். அது 5 நொடி இருந்தாலும் பாட்டுகளுக்கு நடுவே உள்ள காலியிடங்களை விழுங்கிவிடும். ஒலியளவைச் சமன்செய்யும் வசதியையும் நிறுத்துங்கள், முக்கியமாக 'சத்தமாக' என்ற நிலையில் அது இருந்தால். மெதுவான பதிவை அந்த நிலை மேலே தள்ளும்போது, சத்தமான உச்சிகளை லிமிட்டர் என்ற தடுப்பு அழுத்தும். குரலின் ஓரம் தடித்துவிடும், இரைச்சலும் கூடவே மேலே வரும். மூன்றாவது, ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டைப் போடும் வசதி. கடைசிப் பாட்டான 'எ நியூ ஜெருசலேம்' இசை முடிந்த பிறகு ஒரு நிமிடத்துக்கும் மேல் வெற்றிடம் இருக்கிறது. அது முடிந்த கணத்தில் யாரோ ஒருவரின் டிரம்ஸ் இடிப்பது கொடுமை.

ஸ்பீக்கரில் கேட்பதானால் இரண்டுக்கும் இடையே 2 மீட்டர், உங்கள் நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அதே 2 மீட்டர் என்று சம முக்கோணமாக வையுங்கள். பின்சுவரிலிருந்து குறைந்தது அரை மீட்டர் முன்னால் இழுங்கள். சுவரோடு ஒட்டியிருந்தால் டபுள் பேஸ் வீங்கி, பின்னால் நிற்க வேண்டியது முன்னால் வந்து மற்றவற்றை மறைக்கும். இன்னொரு தவறு மிகச் சாதாரணமாக நடப்பது, பலருக்கு ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருப்பது: ஒரு ஸ்பீக்கரின் கம்பி பிளஸ் மைனஸ் மாறியிருப்பது. சாதாரண ராக் ஆல்பத்தில் பேஸ் கொஞ்சம் மெலிந்து தெரியும், அவ்வளவுதான். இரண்டு மைக்கில் பதிந்த இந்த ஆல்பத்திலோ எல்லாமே சிதறிவிடும். சோதிக்க முதல் பாட்டே போதும். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். அறை முழுக்கப் பரவி எங்கிருந்து என்று தெரியாமல் வந்தால், ஒரு ஸ்பீக்கரின் பின்னால் மட்டும் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். குரல் நடுவில் திரண்டு வந்து நின்றால் அதுதான் சரியான இணைப்பு.

ஒற்றைப் புளூடூத் ஸ்பீக்கர் இதற்கு ஆகாது. இரண்டு மைக்குக்கு இடையே உள்ள நேர வித்தியாசம், கருவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் சாட்சி. அவற்றை ஒன்றாகக் கூட்டினால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், குழலோசைக் கருவிகள் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். ஹெட்ஃபோன் பரவாயில்லை, இரைச்சல் நீக்கும் வகையானால் அந்த வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அந்தச் சுற்று தானே ஒரு மெல்லிய ஸ்ஸ் ஒலியை உண்டாக்குகிறது, அது பதிவின் அறையொலியோடு கலந்து எது எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. காதை மூடாத, பின்புறம் திறந்த ஹெட்ஃபோன் கிடைத்தால் அதுவே மேல்.

வினைலா சிடியா என்று கேட்பவர்களுக்கு: இந்த ஒரு ஆல்பத்துக்கு சிடிதான். வினைல் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம். நன்றாக அச்சான இசைத்தட்டிலும் முள்ளின் உராய்வு இரைச்சல் இருக்கத்தான் செய்யும். ராக் ஆல்பத்தில் அது மறைந்துவிடும். இங்கே மறைய இடமே இல்லை, ஒவ்வொரு தூசியும் இசைக்கு முன்னால் வந்து நிற்கும். பக்கம் திருப்ப எழுந்திருப்பதும் இடைஞ்சல்.

பாட்டுகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சமமாகச் சொல்லத் தேவையில்லை.

'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' குரலும் பியானோவும் மட்டும். 1986-இல் வந்த டாக் டாக் ஆல்பத்தின் தலைப்பையே இந்தப் பாட்டுக்கு வைத்தார். அந்தக் காலத்துக் குரலோடு இதை வைத்துக் கேட்டால் அவர் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பது தெரியும். அப்போது மேலெழுந்து முழங்கிய குரல், இங்கே சொற்களின் ஓரங்களை மென்று விழுங்குகிறது. சில வரிகளை அச்சிட்ட பாடலைப் பார்த்தால்தான் பிடிக்க முடியும். பியானோ விடும் இடைவெளிகள் நீளமானவை, ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை காத்திருக்கிறார்கள். ஒரு சுரத்தை வாசிக்கக் காரணம் இல்லையென்றால் வாசிக்காதே என்பது அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கொள்கை. அதை முழுமையாக நடத்திக் காட்டிய இடம் இதுதான்.

'வாட்டர்ஷெட்', 'தி கிஃப்ட்' இரண்டும் டிரம்ஸ், பேஸோடு நடப்பவை, ஜாஸ் சாயல் கூடியவை. டிரம்பெட் வாசித்த ஹென்றி லோதரும், டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் டிச்சமும் பழைய டாக் டாக் பதிவுகளிலும் வாசித்தவர்கள். இங்கே டிச்சம் எவ்வளவு மெல்லத் தட்டுகிறார் என்பதைக் கவனியுங்கள். இரண்டே மைக் உள்ள அறையில் டிரம்ஸ் கொஞ்சம் ஓங்கினால் மற்ற எல்லாரும் காணாமல் போய்விடுவார்கள். மெதுவான வாசிப்பு இங்கே ரசனையோடு சேர்ந்து தேவையும் ஆகிவிட்டது. புதிதாகக் கேட்பவருக்கு 'தி கிஃப்ட்' நல்ல நுழைவாயில், நான்கரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

'இன்சைட் லுக்கிங் அவுட்' எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. அழகான பாட்டுதான், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வருபவை சொன்னதையே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறது.

ஆல்பத்தின் நெஞ்சு 'எ லைஃப் (1895–1915)'. எட்டு நிமிடம், இருப்பதிலேயே நீளமானது. தலைப்பில் உள்ள ஆண்டுகள் ரோலண்ட் லெய்ட்டன் என்ற இளைஞருடையவை. எழுத்தாளர் வேரா பிரிட்டனுக்கு நிச்சயிக்கப்பட்டவர், முதல் உலகப் போருக்குப் போய் 1915 டிசம்பரில், 20 வயதில், பிரான்சில் குண்டுக் காயத்தால் இறந்தார். ஒரு நூற்றாண்டு பிறக்கிற நம்பிக்கையோடு வளர்ந்தவன் போரில் சில மாதங்களிலேயே முடிந்துபோவது, அந்தச் சில ஆண்டுகளுக்குள் ஒரு வாழ்க்கையின் மனநிலை எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் ஹாலிஸின் அக்கறை. பாட்டும் அப்படியே துண்டு துண்டாகப் போகிறது. குழலோசைக் கருவிகள் மட்டும் தனியே தொடங்கி, தாளம் பிடித்து, குரல்கள் சேர்ந்து கொஞ்ச நேரம் உயிர்பெற்று, திடீரென்று ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிறது. வழக்கமான பல்லவி எதுவும் இல்லை. முதல் தடவை கேட்கும்போது கோர்வையற்றதாகத் தோன்றும். அந்தந்தப் பகுதியில் கருவிகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை மட்டும் பின்தொடர்ந்து மறுபடி கேளுங்கள், வடிவம் பிடிபடும். போர் என்றதும் முரசும் எக்காளமும் கொண்டுவரும் பாட்டுகளுக்கு நடுவில், போரின் சத்தமே இல்லாமல் போரில் இறந்தவனைப் பாடிய இது தனியாக நிற்கிறது.

'வெஸ்ட்வர்ட் பவுண்ட்' கிதாரும் குரலும் மட்டும். நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். எட்டில் மிக மெல்லியது இதுதான், உங்கள் அறை சரியாக அமைந்திருக்கிறதா என்று சோதிக்க நல்ல பாட்டு. நரம்பைத் தொடுவதும் விடுவதும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 'தி டெய்லி பிளானெட்' அதற்கு நேர்மாறு, ஆல்பத்திலேயே பரபரப்பானது. மார்க் ஃபெல்தமின் மவுத் ஆர்கன் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பத்தில் மைக்கையும் ஆம்பிளிஃபயரையும் சிதறடித்துக் கத்தியது நினைவிருக்கும். அதே மனிதர், அதே கருவி, இங்கே மின்சாரம் இல்லாமல் அறையின் காற்றை மட்டும் நம்பி வாசிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பது, இரண்டு ஆல்பங்களின் முறையிலும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளக் குறுக்கு வழி.

வீட்டில் பாட்டுப் பதிகிறவர்களுக்கு இந்த முறை செய்து பார்க்கக் கூடியதுதான், செலவும் குறைவு. ஒரே மாதிரியான சிறிய கண்டென்சர் மைக் இரண்டு வேண்டும். ஸ்டீரியோ கை ரெக்கார்டர் இருந்தால் பழகுவதற்கு அதுவே போதும். மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில், ஒன்றுக்கொன்று 110 டிகிரி விலகிப் பார்க்கும்படி, உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த இந்த அமைப்பு சிறிய அறைக்கும் ஒத்துவரும். மைக்கை அறையின் நடு மையத்தில் வைக்காதீர்கள், அங்கே தாழ்ந்த சுரங்களில் சில அளவுக்கு மீறிக் குறையும் அல்லது கூடும். தரையில் டேப் ஒட்டி ஸ்டாண்டின் கால்களைக் குறித்துவிட்டு, பிறகு கடைசிவரை நகர்த்தாதீர்கள். கெயினையும் ஒருமுறை வைத்துவிட்டு மாற்றாதீர்கள். 24 பிட்டில் பதியுங்கள், மிகச் சத்தமான இடமே மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

எல்லோரும் சேர்ந்து வாசித்தால் நல்லது. ஒருவர்பின் ஒருவராக அடுக்குவதானால் இரைச்சல் கணக்கை மறக்கக் கூடாது. ஒவ்வொரு அடுக்கிலும் அறையின் இரைச்சல் மறுபடி பதிவாகிறது. இரண்டு அடுக்குக்கு 3 டெசிபல், நான்குக்கு 6, எட்டுக்கு 9, பதினாறுக்கு 12 என்று ஏறிக்கொண்டே போகும். அதனால் கருவி வாசிக்காத இடங்களைப் பிற்பாடு வெட்டிவிடலாம் என்று தோன்றும். வெட்டினால் அறையொலி விட்டுவிட்டு வந்து போவது அப்பட்டமாகக் கேட்கும். மெல்ல ஏற்றி இறக்கி, இரண்டு மூன்று நொடி நீளத்துக்கு மறைய விடுவதே சரி. அடுக்குகளைக் குறைத்து எழுதுவது அதைவிடச் சரி. ஹெட்ஃபோனை மூடிய வகையாக, குறைந்த ஒலியில் வையுங்கள். அதிலிருந்து கசியும் தாளத் தட்டல் தூர மைக்கில்கூடப் பதிந்துவிடும், மெல்லிய பகுதியில் அதை எடுக்கவே முடியாது.

இடம் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குரல், மைக்கிலிருந்து அரை மீட்டரில். பிறகு மெல்லிய கருவியான கிதார் ஒரு மீட்டரில், சற்று இடப்பக்கம். அதன்பின் குழல் வகைகள் இரண்டு முதல் மூன்று மீட்டரில். தாளக் கருவி கடைசியில், அறையின் மறுகோடியில். ஒவ்வொருவரையும் அரை நிமிடம் வாசிக்கவைத்துப் பதிந்து, கேட்டு, நாற்காலியை ஒரு அடி நகர்த்தி மறுபடி. அலுப்பான வேலை, ஒரு பாட்டுக்கு அரை நாள்கூட ஆகலாம். ஆனால் அது முடிந்தால் மிக்சிங் ஏறக்குறைய முடிந்த மாதிரி. வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையானால் முதலில் ஜமுக்காளம் விரித்து, துணி நிறைந்த அலமாரிகளைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மீட்டரில் இருப்பவரும் மூன்று மீட்டரில் இருப்பவரும் ஒரே எதிரொலியில் கரைந்துவிடுவார்கள்.

ஹாலிஸ் இதற்குப் பிறகு செய்தவை சொற்பம். நார்வே பாடகி அன்யா கார்பரெக்கின் 'ஸ்மைலிங் அண்ட் வேவிங்' (2001) ஆல்பத்தில் சில பாட்டுகளில் தயாரிப்பாளராக இருந்தார், 2012-இல் 'பாஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு சிறு இசைத் துண்டு எழுதினார். டாக் டாக் குழுவின் பேஸ் கலைஞர் பால் வெப், ரஸ்டின் மேன் என்ற பெயரில் போர்ட்டிஸ்ஹெட் பாடகி பெத் கிப்பன்ஸோடு சேர்ந்து 2002-இல் வெளியிட்ட 'அவுட் ஆஃப் சீசன்' இந்த ஆல்பம் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். மவுத் ஆர்கனிலும் டிரம்பெட்டிலும் கவனம் போனவர்கள் அங்கிருந்து பின்னோக்கி, ஹாலிஸ் விரும்பிக் கேட்ட கில் எவன்ஸ், மைல்ஸ் டேவிஸ் கூட்டணியின் 'ஸ்கெச்சஸ் ஆஃப் ஸ்பெயின்' (1960) வரை போகலாம். விசிறியை அதற்கும் நிறுத்த வேண்டும்.